'முதலில் வேலை, அப்புறம் உரிமை' என்பது சரியில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் வாசகர் கடிதப் பகுதியில் அன்பர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பங்ளாதேஷ், இந்தியா போன்ற நாடுகள் தொழிலாளர் சட்டத்தைக் கடுமையாக்கினால் முதலாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விடுவார்கள், முதலில் வேலை கிடைக்கட்டும், உரிமையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், சிங்கப்பூரும் அப்படித்தான் முன்னேறியது என்று அவர் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சிங்கப்பூர் அப்படி முன்னேறவில்லை. இதை நான் எங்கேயோ படித்துவிட்டுச் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் இங்கே தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் நான்.

1977-ல் எனக்கு வயது 17. காலாங் பேசின் பக்கம் ஓர் அடுக்குமாடித் தொழிற்கூடத்தில், வெளிநாட்டுக்குப் போகும் ஆண்கள் சட்டைகளுக்குக் காலர் தைக்கும் வேலை. ஒரு கட்டில் 12 காலர் இருக்கும், கட்டு முடிந்ததும் அதில் உள்ள சின்னச் சீட்டைக் கிழித்து நம் அட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும், அடிப்படைச் சம்பளம் போக அந்தச் சீட்டுக் கணக்குக்குத் தனியாகக் காசு. எனக்கு இடப்பக்கம் ஜோகூரிலிருந்து வந்த சீனப் பெண், வலப்பக்கம் கேலாங் சிராயிலிருந்து வந்த மலாய்க்கார அக்கா. விரலில் ஊசி ஏறாத ஆள் அந்த வரிசையில் ஒருத்தர்கூடக் கிடையாது, ஊசி ஏறினால் பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டு தைத்துக்கொண்டே இருப்போம், ஏனென்றால் எழுந்து போனால் கட்டு குறையும். ஒரு வருஷக் கடைசியில் ஆர்டர் குவிந்து இரண்டு மாதம் போல இரவு 10 மணி வரை ஓ.டி., அதாவது மிகைநேர வேலை, பார்த்தோம். ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பது அப்போதே சட்டம். கம்பெனி போட்டதோ ஒரு மடங்குதான். முதலில் கண்டுபிடித்தது அந்த மலாய்க்கார அக்காதான், சம்பளக் கவரின் மேல் எழுதியிருந்த மணிக்கணக்கை விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னார். ஏழு பேர் சேர்ந்து பயந்துகொண்டேதான் தொழிலாளர் அமைச்சுக்குப் போனோம். இரண்டு வாரம் கழித்து ஓர் அதிகாரி வந்தார், ரிஜிஸ்டரைக் கேட்டார், எங்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு விசாரித்தார், அவ்வளவுதான். அடுத்த சம்பளக் கவரில் எனக்கு 38 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொச்சம் கூடுதலாக வந்தது. யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்தக் காசில் அம்மாவுக்கு நான் பிரஷர் குக்கர் வாங்கிக் கொடுத்தேன், அது எங்கள் வீட்டில் ரொம்ப வருஷம் உழைத்தது.

அப்போது சிங்கப்பூர் பணக்கார நாடு இல்லை, அன்பர் அதை நினைத்துப் பார்க்க வேண்டும். மத்திய சேமநிதி (ஊரில் சொல்லும் பி.எஃப். மாதிரி) 1955-லேயே வந்துவிட்டது, சுதந்திரம் கிடைப்பதற்கும் முன்னால். 1968-ல் வேலை நியமனச் சட்டம் வந்தபோது முதலீட்டாளர்களை இழுப்பதற்காகச் சில சலுகைகளைக் குறைத்தார்கள், பொது விடுமுறைகூட 11 நாளாகக் குறைந்தது, அதை நான் மறைக்கவில்லை, அதில் அன்பர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அதே சட்டம்தான் வாரத்துக்கு 44 மணி நேரம், மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு என்று எல்லாருக்கும் பொதுவாக ஒரு கோடு போட்டது. எங்கள் ஏழு பேருக்கும் 38 வெள்ளியும் 40 வெள்ளியும் கிடைத்தது அந்தக் கோடு இருந்ததால்தான். கோடு இருந்தது மட்டும் இல்லை, அதைத் தாண்டினால் கேட்க ஓர் ஆள் வந்தார், கேட்டுவிட்டு நாங்கள் மறுநாளும் அதே மெஷினில் உட்கார முடிந்தது. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான். சட்டம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. தொழிலாளி வாயைத் திறந்து "இது தப்பு" என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போக முடிகிறதா என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். வாயைத் திறக்க முடியாத இடத்தில் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

இங்கேயும் எல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 1978 அக்டோபர் 12-ஆம் தேதி ஜூரோங் கப்பல் பட்டறையில் 'ஸ்பைரோஸ்' என்ற எண்ணெய்க் கப்பல் வெடித்து 76 பேர் இறந்தார்கள், அன்றைக்கு எங்கள் தொழிற்கூடத்தில் ரேடியோவைச் சுற்றி நின்றவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை. 1986 மார்ச் 15-ல் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கிற இடத்தில் நியூ வோர்ல்டு ஹோட்டல் இருந்த ஆறுமாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது, 33 பேர் போனார்கள். பக்கத்தில் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, அடிக்கடி போகும் வயதானவர்களுக்கு அந்தத் தூசியும் கூட்டமும் இன்னும் நினைவிருக்கும். அதற்கு முந்தைய வருஷம்தான் நாடு பொருளாதார மந்தத்தில் விழுந்திருந்தது. ஆனாலும் "இப்போது கட்டடச் சோதனை என்று செலவு வைத்தால் முதலீடு ஓடிவிடும்" என்று யாரும் சும்மா இருக்கவில்லை. 1989-ல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, ஒரு பொறியாளர் போட்ட கணக்கை இன்னொரு பொறியாளர் சரிபார்க்க வேண்டும், கட்டி முடித்த பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று ஆனது.

இப்போது டாக்காவுக்குப் பக்கத்தில் சாவாரில் இருந்த ராணா பிளாசாவை எடுத்துக்கொள்வோம். எட்டு மாடிக் கட்டடம், மேல் மாடிகளை அனுமதி இல்லாமல் எழுப்பியிருந்தார்கள். கீழே கடைகளும் ஒரு வங்கிக் கிளையும், மேலே ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள். 2013 ஏப்ரல் 23-ஆம் தேதி தூண்களிலும் சுவரிலும் விரிசல் கண்டது. எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள், டிவியில்கூடக் காட்டினார்கள். மறுநாள் வங்கி திறக்கவில்லை, கடைகளும் திறக்கவில்லை. தையல்காரப் பெண்கள் மட்டும் வேலைக்குப் போனார்கள். விரிசல் இருப்பது அவர்களுக்கும் தெரியும், வாசலில் நின்று உள்ளே போக மாட்டோம் என்று சொல்லிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். வராவிட்டால் மாதச் சம்பளம் போய்விடும் என்று மிரட்டியதாக உயிர் பிழைத்தவர்கள் பின்னால் சொன்னார்கள், மாதக் கடைசி, வாடகை கொடுக்க வேண்டும், வேறு வழி? காலை 9 மணிக்குள் மின்சாரம் போய், ஜெனரேட்டர்கள் ஓட ஆரம்பித்தன, கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் செத்துப்போனார்கள், 2,500 பேர் போலக் காயமடைந்தார்கள்.

ஒரே கட்டடம், ஒரே விரிசல், வங்கி ஊழியர் வீட்டில் இருக்க முடிந்தது, காலர் தைக்கிறவளுக்கு முடியவில்லை. கட்டட விதிகள் அந்த நாட்டிலும் இருந்தன, தொழிலாளர் சட்டமும் இருந்தது. ஐந்து தொழிற்சாலையில் ஒன்றில்கூடச் சங்கம் இல்லை. "நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை" என்று எல்லாருக்கும் சேர்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் அன்றைக்கு எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன், ஏனென்றால் அந்த வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தவள், சூப்பர்வைசர் போ என்றால் நானும் போயிருப்பேன்.

சரி, தணிக்கை என்று ஒன்று இருக்கிறதே, பெரிய பிராண்டுகள் ஆள் அனுப்பிப் பார்க்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். 2012 செப்டம்பர் 11-ல் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் மாண்டார்கள், ஜன்னல்களில் கம்பி, வெளியே போகும் கதவுகள் பூட்டு. அதற்குச் சில வாரம் முன்னால்தான் அந்தத் தொழிற்சாலைக்குத் தொழிலாளர் நலன் நன்றாக இருக்கிறது என்று சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது. காசு கொடுப்பவரே சோதனைக்கும் ஆள் வைத்தால் இப்படித்தான் ஆகும். அதனால்தான் ராணா பிளாசாவுக்குப் பிறகு வந்த பங்ளாதேஷ் தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள், போட்ட பிறகு ஒரு பிராண்டு நழுவினால் சட்டப்படி வழக்குப் போட முடியும், பொறியாளர்கள் பார்த்து எழுதும் அறிக்கையை ஊரே படிக்கலாம், ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மாட்டேன் என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கு எழுத்தில் உண்டு. 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சேர்ந்தன. 2023-ல் பாகிஸ்தானுக்கும் இதே மாதிரி ஒன்று வந்திருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு முதலாளிகள் ஓடிப்போனார்களா என்றால் இல்லை. ராணா பிளாசா விழுந்த நேரத்தில் பங்ளாதேஷின் ஆடை ஏற்றுமதி வருஷத்துக்குச் சுமார் 2,150 கோடி அமெரிக்க டாலர், 2021-22-ல் அது 4,200 கோடியைத் தாண்டிவிட்டது. பாதுகாப்புக்குச் செலவு செய்த அதே வருஷங்களில்தான் இந்த வளர்ச்சி. குறைந்தபட்சச் சம்பளமும் 3,000 டாக்காவிலிருந்து 5,300, பிறகு 8,000, 2023 கடைசியில் 12,500 என்று ஏறியிருக்கிறது, அதுவும் தெருவில் இறங்கிப் போராடித்தான் ஏறியது, விலைவாசிக்கு இன்னும் காணாது. ஆனால் சட்டம் இறுகினால் தொழில் அழிந்துவிடும் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

இனி நம் சொந்த ஊர்க் கதை. போன வருஷம் திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கம் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறாள், காலையில் 5 மணிக்கு மில் வண்டி வந்து ஹாரன் அடிக்கும், இவள் பாதித் தலை பின்னியபடியே ஓடுவாள். ராத்திரி வரும்போது புருவத்திலெல்லாம் பஞ்சு. ஒருநாள் அவள் சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தேன், பழைய பழக்கம், கணக்கைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. பி.எஃப். பிடித்தம், ஈ.எஸ்.ஐ. பிடித்தம், கேண்டீன் பிடித்தம் எல்லாம் வரிசையாக இருக்க, ஓ.டி. என்ற கட்டத்தில் பூஜ்யம். வாரத்தில் மூன்று நாள் ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கிறாயே, அது எங்கே என்று கேட்டேன். அந்த அரை ஷிஃப்ட்டுக்குத் தனியாக ஒரு கவரில் ரொக்கமாகக் கொடுப்பார்களாம், சீட்டில் வராதாம், ஒரு மடங்குதானாம். இந்தியாவில் 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்றுதான் விதி, நமக்கு இங்கே ஒன்றரைதான், சட்டத்தில் பார்த்தால் அந்த ஊர்ப் பெண்ணுக்குத்தான் அதிகம். நான் அதைச் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. "கேட்டா அடுத்த மாசம் வண்டி நம்ம ஊருக்கு வராது அத்தை" என்றாள். அவள் ஒருத்தி கேட்டால் அந்த ஊரிலிருந்து போகும் 14 பெண்களுக்கும் வேலை போகும். என் நாத்தனார் அடுப்படியிலிருந்தே "அண்ணி, நீங்க ஊருக்குப் போயிருவீங்க, நாங்க இங்கதான இருக்கணும்" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து மில்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது பலருக்குத் தெரியும். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போய், நடுவில் உடம்பு சரியில்லை என்று வந்துவிட்டால் அந்தத் தொகையே கிடையாது என்றார்கள். பிள்ளைகள் உழைத்த கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்குத் தாலியின் பெயரை வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதே திண்டுக்கல் மாவட்டத்தில்தான் ஒரு நல்லதும் நடந்தது. ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த ஓர் இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். பெண்களே முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதை விடவில்லை, ஒரு வருஷத்துக்கு மேல் போராடி 2022 ஏப்ரலில் ஆலை நிறுவனத்தோடும் எச் அண்ட் எம் பிராண்டோடும் ஒப்பந்தம் போட்டது, பின்னால் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் வந்தன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகமே இப்போது அதைப் பேசுகிறது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. 25 தொழிலாளிக்கு ஒருவர் என்று வேலை பார்க்கும் பெண்களிலிருந்தே கண்காணிப்பாளர்களை நியமித்தார்கள், சூப்பர்வைசர் தகாத வார்த்தை பேசினாலோ கையைப் பிடித்தாலோ பக்கத்து மெஷினில் இருப்பவளிடமே சொல்லலாம், சொன்னதற்காக யாரையும் பழிவாங்கக் கூடாது, ஆலை ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டர் கொடுக்கும் பிராண்டு நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்றெல்லாம் எழுதிக்கொண்டார்கள். என் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அக்காவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இந்தியாவில் 29 பழைய தொழிலாளர் சட்டங்களைச் சுருக்கி நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாருக்கும் நியமனக் கடிதம், எல்லாருக்கும் குறைந்தபட்சக் கூலி என்பதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஆட்குறைப்புக்கோ ஆலையை மூடவோ அரசு அனுமதி வேண்டும் என்ற வரம்பை 100 தொழிலாளியிலிருந்து 300-க்கு உயர்த்திவிட்டார்கள், வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு எல்லாத் தொழிலுக்கும் கட்டாயம். ஏற்கெனவே வண்டி வராது என்று பயப்படும் பிள்ளைக்கு இது எந்தத் தைரியத்தைக் கொடுக்கும்? மக்கள் சேர்ந்து கேட்டால் நடக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21-ல் 12 மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள், கூட்டணிக் கட்சிகளும் சங்கங்களும் எதிர்த்ததில் மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றுக்கொள்வதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் 1923-ல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிச் சரியாக 100 வருஷம் ஆகியிருந்தது.

நம் சிங்கப்பூரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்கே வேலைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நாம் பார்க்கும் தம்பிகளில் பலர் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கம். இங்கே சம்பளச் சீட்டு 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம், அதில் ஓ.டி. மணிக்கணக்கும் இருக்க வேண்டும். சம்பளத் தகராறு என்றால் 2017-லிருந்து சமரசத்துக்கும் தீர்ப்பாயத்துக்கும் வழி இருக்கிறது. வேலைக்கு வரும் முன்னரே சம்பளம், பிடித்தம் எல்லாம் போட்ட அனுமதிக் கடிதம் தாய்மொழியில் கையில் கிடைக்க வேண்டும். இவ்வளவு இருந்தும் பல தம்பிகள் வாயைத் திறப்பதில்லை, காரணம் ஊரில் ஏஜண்டுக்குக் கொடுக்க வாங்கிய வட்டிக் கடன். இங்குள்ள ஏஜண்டு எவ்வளவு வாங்கலாம் என்று நம் சட்டம் வரம்பு போட்டிருக்கிறது, ஊரில் இருக்கும் ஏஜண்டை அது தொடாது. கடன் தீரும்வரை அவன் கேள்வி கேட்க மாட்டான் என்பது தப்பு செய்யும் முதலாளிக்கு நன்றாகத் தெரியும். வேடசந்தூரில் மில் வண்டி செய்யும் வேலையை இங்கே அந்தக் கடன் செய்கிறது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒருநாள் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள். சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது, மிகைநேரம் எப்படிக் கணக்குப் போடுவது, மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. வாங்கக் கூடாது என்பது, வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி பணத்தை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பது, எந்த எண்ணுக்குப் போன் போடுவது, இதையெல்லாம் எளிய தமிழில் போடுங்கள். விடுதிகளில் உங்கள் தாளை ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் படிக்கிறார்கள். கடிதம் எழுதிய அன்பரும் அதைப் படித்து, தன் வீட்டுப் பக்கத்தில் வேலை செய்யும் தம்பியிடம் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் என் நாத்தனார் மகளிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு வந்தேன், யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், தினமும் எத்தனை மணிக்கு உள்ளே போனாய், எத்தனை மணிக்கு வெளியே வந்தாய் என்று மட்டும் எழுதி வை என்று. போன வாரம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தாள். பத்தாம் வகுப்பு கணக்கு நோட்டின் பின்பக்கம், தேதி, நேரம், கவரில் வந்த ரூபாய் எல்லாம் நீல மையில் கோடு போட்டு எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே இன்னும் மூன்று கையெழுத்தில் மூன்று பெண்களின் கணக்கும் இருக்கிறது.

அன்புடன்,
ஒரு வாசகி,
தோ பாயோ